காய்த்த கைகளும் துடுப்பும்



ஆனி பிறந்துவிட்டால் நமது சங்கரன்கோவில் வட்டாரத்தில் மேலைக்காற்று வீசத் தொடங்கும். குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம் என்னும் செய்தி கடைத்தெருவெங்கும் பரவும். ஆயினும், நமது கரிசல் மண்ணுக்கு அக்காற்றினால் கிட்டுவது பெரும்பாலும் புழுதியே. மேகங்கள் தாம் சுமந்து வந்த நீரையெல்லாம் மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு இப்புறம் வந்து சேருகின்றன. நம் உழவர்க்குக் கிணறும் குளமுமே துணை. ஆற்றைக் காண வேண்டுமாயின் நாம் பயணம் போகவேண்டும்.

இத்தகைய ஊரில் வாழும் குடும்பங்களுக்கு ஆற்றுப் படகுப் போட்டியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. ஒரு படகில் யார் உட்காரலாம், யார் உட்காரலாகாது என்ற கேள்வியை முன்னிட்டு உலகில் நெடுங்காலம் ஒரு வழக்கு நடந்தது. அவ்வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது உழைப்பாளியின் காய்த்த கை. தறியில் நூல் இழுத்தும், பீடி சுற்றியும், மண்வெட்டி பிடித்தும் காய்த்த கைகள் நம் இல்லங்களில் எத்தனை! ஆதலால் இது நமது வழக்குமாகும்.

மலைக்கு அப்பால் இறங்கும் மழைநீரின் ஒரு பகுதி பம்பை ஆறாகப் பெருகிக் குட்டநாட்டிற்குள் நுழைகிறது. இங்கிருந்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லம் சென்று, வடக்கே திரும்பினால் ஆலப்புழை. 1904-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்பெற்று 2018-ல் மீண்டும் முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஆலப்புழைக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் குட்டநாட்டில், கடல்மட்டத்தினும் தாழ்ந்த நிலத்தைச் சுற்றிக் கரை எழுப்பி, நீரை இறைத்து வெளியேற்றி, நெல் விளைவிக்கின்றனர். அவ்வேளாண்மையின் அருமையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் உலகறிய ஏற்றுப் போற்றியது. நமக்குத் தெரு எப்படியோ, அப்படி அம்மக்களுக்கு வாய்க்கால். வீட்டு வாசலிலேயே படகு கட்டிக்கிடக்கும்.

அந்நாட்டில் படகுப் போட்டிக் காலத்தைத் தொடங்கிவைப்பது சம்பக்குளம் மூலம் வள்ளங்களி. மிதுன மாதத்து மூல நாளில், அதாவது நமது ஆனி மாதத்தில், பம்பை ஆற்றில் அது நடைபெறும். அதன் தோற்றத்தைக் குறித்து ஓர் அழகிய மரபு வழங்குகிறது. அம்பலப்புழைக் கோயிலில் நிறுவுதற்காகக் கண்ணன் திருவுருவத்தைக் குறிச்சியிலிருந்து செம்பகச்சேரி மன்னரின் ஆட்கள் படகில் கொண்டுவந்தனராம். வழியில், சம்பக்குளத்தில் மாப்பிளச்சேரி என்னும் கிறிஸ்தவக் குடும்பத்தினர் அவர்களை வரவேற்றுத் தம் இல்லத்தில் தங்கவைத்தனராம். மறுநாள் ஊரார் சமய வேறுபாடு பாராது படகுகளில் திரண்டு, ஆரவாரத்தோடு உடன் சென்றனராம். அந்த ஊர்வலத்தின் நினைவே இன்றைய போட்டி. அவ்வாற்றங்கரையில்தான் கல்லூர்க்காட்டு மரியன்னை ஆலயம் நிற்கிறது. பழம்பெருமை வாய்ந்த அவ்வாலயம் 2016-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்றது. அயலவரின் திருவுருவத்துக்கு ஒரு கிறிஸ்தவக் குடும்பம் கதவு திறந்தது என்பதையே ஓர் ஊர் தன் திருவிழாவின் தொடக்கமாகச் சொல்லிவருமானால், அவ்வூரின் பண்பை நாம் மெச்சாதிருக்க முடியுமோ?

இனி, போட்டி நாளை மனக்கண்ணால் காண்போம். அங்கே ஓடும் பெரும் படகுக்குச் சுண்டன் வள்ளம் என்று பெயர். அயனி மரத்தால் ஆனது; நூறடிக்கும் மேற்பட்ட நீளமுடையது. பின்புறம் பாம்பு படமெடுத்தாற்போல் உயர்ந்து நிற்பதால் வெளியூரார் அதனைப் பாம்புப் படகு என்பர். படகு பொதுவாக ஓர் ஊரின் உடைமை. ஊரார் பணம் சேர்த்து அதனைக் கட்டுவிக்கின்றனர். மீனெண்ணெய், சிரட்டைக் கரி, முட்டை ஆகியவற்றைக் கலந்து பூசி, மரம் உறுதிப்படவும் நீரில் வழுக்கிச் செல்லவும் செய்வது பழைய முறை. துடுப்புப் போடுபவர்கள் படகுக் கழகத்தைச் சார்ந்தவர்கள். கைநகரி, குமரகம், பள்ளாத்துருத்தி முதலிய ஊர்களின் கழகங்கள் பேர்பெற்றவை. கைநகரி என்னும் பெயரைக் கேட்டதும் நம் வாசகர் பலர்க்கு ஒரு நினைவு எழலாம். 2014-ல் புனிதராக உயர்த்தப்பெற்ற சாவறா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார் 1805-ல் பிறந்த ஊர் அதுவே. கோயில்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென்று வற்புறுத்திய பெருந்தகை அவர்.

படகில் ஏறத்தாழ நூறு பேர் ஏறுவர். இருவர் இருவராக அமர்ந்து துடுப்புப் போடுவோர் பெரும்பாலோர். அமரத்தில், அதாவது பின்முனையில், நீண்ட துடுப்புகளுடன் நின்று படகை நேர்வழியில் செலுத்துவோர் சிலர். நடுவே நிற்போர் வஞ்சிப்பாட்டுப் பாடியும், பலகையில் கோலால் இடித்தும் தாளம் கொடுப்பர். அந்த இடி விழும்போது எல்லாத் துடுப்பும் ஒருசேர நீரில் இறங்க வேண்டும். ஒருசேர எழ வேண்டும். ஒருவர் தம் வலிமையைக் காட்ட எண்ணி அரை நொடி முந்தினால் படகு முந்துவதில்லை, தடுமாறுகிறது. வல்லவன் தன் வேகத்தை அடக்குகிறான். மெல்லவன் தன் சோர்வை மறக்கிறான். இருவரும் தாளத்தின்முன் சமமாகின்றனர்.

1952 டிசம்பரில் பிரதமர் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது அவரது வரவேற்பின் பொருட்டுச் சுண்டன் வள்ளங்களின் போட்டி நடத்தப்பெற்றது. வென்ற நடுபாகம் சுண்டனில் காவல் ஏற்பாடுகளையும் பாராமல் அவர் ஏறிக்கொண்டார். தில்லி திரும்பிய பின்னர் வெள்ளியாலான படகு வடிவக் கோப்பை ஒன்றை அனுப்பிவைத்தார். அதுவே புன்னமடை ஏரியில் இன்றும் நடைபெறும் நேரு கோப்பைப் போட்டிக்கு வித்து. 2024 செப்டம்பர் 28-ல் நடந்த இறுதிப் போட்டியில் காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 நொடியில் கோட்டைக் கடந்தது. வீயபுரம் சுண்டன் எடுத்துக்கொண்டது 4 நிமிடம் 29.790 நொடி. இடைவெளி, ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஐந்தே கூறு! இவ்வெற்றிக்கு இன்னார்தாம் காரணம் என்று எவரைச் சுட்டுவது? நூறு பேரில் எவரேனும் ஒருவர் ஒரே ஒரு தடவை துடுப்பைச் சோர்ந்து போட்டிருந்தாலும் கோப்பை கைமாறியிருக்குமே!

அந்தப் பலகைகளில் அமர்ந்திருப்போர் யாவர்? வயலில் இறங்குவோர், மீன் பிடிப்போர், படகு செலுத்துவோர், கட்டட வேலை செய்வோர் எனப் பலரும் இருப்பர். காய்த்த கையே அங்கே தகுதி. ஆனால் இதே விளையாட்டு மற்றொரு நாட்டில் மற்றொரு முகம் காட்டியது. அதனை நாம் அறிதல் வேண்டும்.

ஊதியம் கருதாது விளையாடுபவரை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பர். நம் பெரியோர் வழிபாட்டில் பயன்படுத்திய இலத்தீன் மொழியில் அமாரே என்றால் நேசித்தல். அச்சொல்லின் வழிவந்ததே இதுவும். நேசத்தின் பொருட்டு விளையாடுபவர் என்பது கருத்து. எவ்வளவு உயர்ந்த சொல்! ஆனால் இங்கிலாந்தில் அச்சொல்லைக் கொண்டே ஒரு வேலி கட்டினர். தேம்ஸ் ஆற்றங்கரையில் ஹென்லி என்னும் ஊரில் 1839 முதல் புகழ்வாய்ந்த படகுப் போட்டி நடந்துவருகிறது. 1879-ல் அதன் நிர்வாகிகள் அமெச்சூர் யார் என்பதற்கு விதி வகுத்தனர். பரிசுப் பணத்துக்காகப் படகோட்டியவர்களை விலக்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. கைவினைஞராகவோ கூலித் தொழிலாளியாகவோ பிழைத்தவர் எவரும் அமெச்சூர் ஆகார் என்றனர். உடலுழைப்பினால் உரமேறிய கை, சீமான்களின் கையோடு போட்டியிடுவது நியாயமன்றாம்! உண்மையில் அது தசையைப் பற்றிய கவலையா, தகுதியைப் பற்றிய செருக்கா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். அவ்விதியை மறுத்து, உழைப்பாளிகளும் சேரத்தக்க வேறொரு சங்கத்தை 1890-ல் சில நல்லோர் அந்நாட்டிலேயே தோற்றுவித்தனர் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஜான் கெல்லி என்பவர் வாழ்ந்தார். அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தின் பத்துப் பிள்ளைகளுள் ஒருவர். செங்கல் அடுக்கும் கொத்தனார். தனியொருவராகப் படகு வலிப்பதில் அந்நாட்டில் இணையற்று விளங்கினார். 1920-ல் ஹென்லியில் கலந்துகொள்ள விண்ணப்பித்தார். விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் சார்ந்திருந்த கழகத்தின்மேல் முன்பே இருந்த தடை ஒரு காரணம். அவர் உடலுழைப்பாளி என்பது மற்றொரு காரணம். அதே ஆண்டில் ஆண்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. இறுதிப் போட்டியில் கெல்லியை எதிர்த்தவர் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்ஃபோர்ட். ஒரே ஒரு நொடி வேறுபாட்டில் கொத்தனார் வென்றார். களைப்பின் மிகுதியால் இருவரும் கைகுலுக்கவும் இயலாதிருந்தனராம். அன்றே, சிறிது நேரத்துக்குள், உறவினர் பால் கோஸ்டெல்லோவுடன் இருவர் படகிலும் அமர்ந்து இரண்டாம் தங்கத்தையும் பெற்றார்.

வேலி உடனே சாயவில்லை. 1936-ல் ஆஸ்திரேலியாவின் காவலர் அணியொன்றும் அவ்விதியால் ஹென்லியில் தடுக்கப்பட்டது. கண்டனக் குரல் ஓங்கவே, உழைப்பாளிகளை விலக்கிய சொற்கள் 1937-ல் நீக்கப்பெற்றன. எந்தப் போட்டியில் தந்தை கால்வைக்க முடியவில்லையோ, அதே போட்டியில் கெல்லியின் மகன் 1947-லும் 1949-லும் வென்று காட்டினார். பிற்காலத்தில் மொனாக்கோ நாட்டு இளவரசியான கிரேஸ் கெல்லி அந்தக் கொத்தனாரின் மகளே.

நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் ஆங்கிலேயர் படகுக் கழகங்களை நிறுவினர். கொழும்பில் 1864-லும், சென்னை அடையாற்றங்கரையில் 1867-லும் தோன்றிய கழகங்கள் இன்றும் உள்ளன. 1898-ல் தொடங்கிய சென்னை–கொழும்புப் படகுப் போட்டி இரு கரையையும் இன்றளவும் நட்பில் இணைத்துவருகிறது. அங்கே தண்டு வலிப்போர் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்வர். குட்டநாட்டிலோ முகம் முன்னோக்கி இருக்கும். அமர்வு வேறு; தாளம் ஒன்றே.

இப்போது குட்டநாட்டுக்கு மீள்வோம். அங்கேயும் இன்று ஒரு வழக்கு எழுந்துள்ளது. அது ஹென்லியின் வழக்குக்கு நேர்மாறானது. போட்டிகளின் பரிசும் புகழும் வளர வளர, வெற்றியை எவ்வாறேனும் பெறவேண்டும் என்னும் வேட்கையும் வளர்ந்தது. 2019-ல் சுண்டன் வள்ளங்களுக்கெனத் தொடர் போட்டியொன்றும் ஏற்படுத்தப்பெற்றது. வெளிமாநிலங்களிலிருந்து பயின்ற படகோட்டிகளைக் கூலிக்கு அமர்த்தும் வழக்கம் பெருகவே, அவ்வாறு வருவோரின் தொகைக்கு வரம்பு கட்ட வேண்டிய நிலை உண்டாயிற்று. ஊரார் பணம் கொடுத்துக் கட்டிய படகில் ஊர்ப்பிள்ளைகளுக்கே இடமில்லையாயின் அது யாருடைய வெற்றி என்று முதியோர் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானது. ஆயினும் விடை சொல்லுமுன் நாம் நிதானிக்க வேண்டும். ஏனெனில் பணம் படகுக்குள் வரலாகாது என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்துவிட்டால், நம்மையறியாமல் ஹென்லியின் வேலியையே மீண்டும் நட்டவர்களாவோம். எண்ணிப் பாருங்கள். போட்டிக்கு முன் கழகத்தார் பயிற்சி முகாம் நடத்துகின்றனர். அன்றாடம் கூலி பெற்று அடுப்பெரிக்கும் ஒருவன் அம்முகாமில் தங்கினால் அவன் வீட்டில் உலை கொதிப்பது எவ்வாறு? நேசத்துக்காக விளையாடு என்று வயிறு நிறைந்தவன் சொல்வது எளிது. பட்டினியிருந்து நேசிக்கும்படி ஏழையிடம் கேட்பது அறமாகாது. ஆதலால் முகாமில் உணவும், இழந்த கூலிக்கு ஈடும் கொடுப்பதை நாம் வெற்றியை விலைக்கு வாங்குவது என்று இகழலாகாது. அது ஏழைக்கும் நேசிக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்வது. ஊர்ப் படகில் ஊர் இளைஞனை எழுப்பிவிட்டு, அவ்வூரின் முகமறியாத ஒருவரைக் கோப்பைக்காக மட்டும் உட்காரவைப்பதே வெற்றியை விலைபேசுவதாகும். இரண்டிலும் காசு கைமாறுகிறது. முன்னது கதவைத் திறக்கிறது. பின்னது கதவைச் சாத்துகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவதில்தான் நமது விவேகம் அடங்கியிருக்கிறது.

இன்னொருவரை அறிமுகப்படுத்திவிட்டு முடிக்கிறேன். மராட்டிய மாநிலத்து நாசிக் மாவட்டத்தில் வறட்சிக்குப் பேர்போன தளேகாவ் என்னும் சிற்றூர். அங்கே தந்தையோடு சேர்ந்து கிணறு வெட்டும் வேலை செய்தவர் தத்து பபன் போகனாள். 2012-ல் இராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைக் கண்டார். அந்நாள்வரை அத்துணைப் பெரிய நீர்ப்பரப்பில் அவர் இறங்கியதில்லை. முதலில் நீரைக் கண்டு அஞ்சியவர். நான்கே ஆண்டுகளில், 2016-ல், ரியோ ஒலிம்பிக்கில் தனியொருவர் படகில் இந்தியாவின் சார்பில் போட்டியிட்டுப் பதின்மூன்றாம் இடம் பெற்றார். 2018-ல் ஆசிய விளையாட்டுகளில் நால்வர் படகில் தங்கம் வென்ற அணியில் அவரும் ஒருவர். மண்ணுக்குள் நீரைத் தேடிக் காய்த்த கை, நீரின்மேல் பொன்னைத் தேடிப் பெற்றது!

கிணறு வெட்டும் கை நமக்குப் புதிதா? வானம் பார்த்த மண் நமக்குப் புதிதா? ஆகவே, ஆறில்லா ஊரில் பிறந்துவிட்டோம் என்று நம் பிள்ளைகள் குன்றவேண்டியதில்லை. அவர்களுக்குக் குறைவு ஆறன்று, அழைப்பு. நமது பங்குகளில் ஆண்டுவிழாவின்போதும் விடுமுறையிலும் கபடி, கைப்பந்து, ஓட்டம் எனப் போட்டிகள் நடத்துகிறோம். ஞாயிறன்றும் தறிக்குச் செல்லும் இளைஞன் அவற்றில் வந்து சேர்கிறானா? காலணி வாங்க இயலாதவன் ஓரமாய் நின்று வேடிக்கை பார்க்கிறானா? வாரந்தோறும் பயிற்சிக்கு வந்தவனை நிறுத்திவிட்டு, கோப்பை வேண்டுமென்று வெளியூர் ஆட்டக்காரரை இரவோடிரவாக அழைத்து வருகிறோமா? பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் எதற்கு என்கிறோமா? நேரு கோப்பைப் போட்டியில் தெக்கனோடி என்னும் வகைப் படகுகளைப் பெண்களே செலுத்துகின்றனர் என்பதை அவ்வாறு சொல்வோர் அறிவாராக.

பெற்றோருக்கும் ஒரு சொல். மதிப்பெண் பட்டியலில் நம் பிள்ளை தனியே நிற்கிறான்; முந்தினால் மகிழ்கிறோம், பிந்தினால் வைகிறோம். வாழ்க்கையோ பெரும்பாலும் நூறு பேர் அமர்ந்த படகாகவே ஓடுகிறது. குடும்பம் அப்படி, தறிக்கூடம் அப்படி, பங்கும் அப்படி. பக்கத்திலிருப்பவனின் தோள் அசைவைக் கவனித்துத் தன் கையை இறக்கவும், வேகம் மிகுந்தால் அடக்கவும், அயர்ந்தவனைப் பாட்டால் எழுப்பவும் எந்த வினாத்தாளும் கற்பிப்பதில்லை. ஆட்டக்களம் கற்பிக்கும். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதாவது அதற்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

வசதியுள்ள குடும்பங்கள் மற்றொன்றும் செய்யலாம். அடுத்த போட்டிக்குப் பரிசுக் கோப்பை அளிப்பதற்குப் பதிலாக, ஒரு கூலிக்கார இளைஞனின் ஒரு நாள் ஊதியத்தை ஏற்றுக்கொள்ளலாம். கோப்பையில் நன்கொடையாளர் பெயர் பொறிக்கப்பெறும். ஏற்றுக்கொண்ட ஊதியத்தில் எவர் பெயரும் இராது. ஆனால் அன்று மாலை களத்தில் ஓடும் அவனது காலில் உங்கள் நேசமும் சேர்ந்து ஓடும். அமெச்சூர் என்னும் சொல்லுக்கு அதனினும் நல்ல பொருள் வேறில்லை.